பதினாலாம் பக்கம்

ஜூன் 3, திங்கள்

இன்று ஒரே உட்காரலில் இருபத்து மூன்று பக்கங்களை வெட்டித் தள்ளினேன். கை கூசவில்லை.

மருத்துவமனைகளின் விசாரணை மேசைக்காக எங்கள் கம்பெனி ஒரு மென்பொருள் விற்கிறது. யாராவது போன் போட்டு அப்பா எந்த வார்டில் இருக்கிறார் என்று கேட்டால், மேசையில் இருப்பவர் பெயரைத் தேடி, வார்டைச் சொல்லி, அங்கே இணைப்புக் கொடுக்க வேண்டும். அதன் தமிழ்க் கையேட்டைத் திருத்துவது என் வேலை. பழையதை எழுதின மகராசன் யாரோ, நோயாளியைத் தேட மூன்று வழி எழுதி வைத்திருக்கிறான். மவுஸால் மேலே இருக்கிற பட்டியலைத் திறக்கலாம், அல்லது வலது பொத்தானை அழுத்தலாம், அல்லது எஃப்-நாலு விசையைத் தட்டலாம். எல்லாம் ஒரே பத்தியில், அல்லது அல்லது என்று. படிக்கிறவர் முதல் வழியில் கிளம்பி மூன்றாவது வழியில் போய் விழுவார்.

எனக்கு இது தெரியாத சமாச்சாரமா? பம்புசெட் கம்பெனியில் இருபத்து நாலு வருஷம் துண்டறிக்கை எழுதினவன் நான். ஒரே ஒரு தடவை மோட்டாரை இணைக்க இரண்டு வழி எழுதினேன். அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் முதல் வழியில் பாதி, இரண்டாவது வழியில் பாதி செய்து மோட்டாரைப் புகைய விட்டுவிட்டார். நேரே வந்து துண்டறிக்கையை என் மேசையில் போட்டு, "நீங்க எழுதுன மாதிரிதானுங்க பண்ணேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலைக்கு ஒரு வழிதான்.

அதனால் மவுஸ் வழியை வைத்துக்கொண்டேன், மற்றதெல்லாம் போயிற்று. அறுபத்தொரு பக்கம் முப்பத்தெட்டு ஆனது. பதினாலாம் பக்கம், 'நோயாளியைத் தேடுதல்', ஐந்தே படி. பார்க்கவே நன்றாக இருக்கிறது.

வசந்தாமணி பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பிரசவத்துக்குப் போனவள். குழந்தைக்கு இப்போது நாலு மாதம். சாப்பாட்டுக்குத் தயிர்சாதம், மாங்காய் ஊறுகாய்.

ஜூன் 5, புதன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அடுப்புக்கு மேலே சுவரில் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது: '1. பாலை ஏற்றியபின் இடத்தை விட்டு அசையக் கூடாது.' எழுதினவனே அசைந்தால் யாரைச் சொல்வது?

ஜூன் 10, திங்கள்

கையேடு நாற்பது மருத்துவமனைகளுக்கும் போய்விட்டது. கடைசிப் பக்கத்தில் சந்தேகங்களுக்கு என்று என் செல் நம்பரையே போட்டுவிட்டான் சஞ்சீவ். டீம் தலைவன், வயது முப்பத்தொன்று. என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வீட்டில் போன் அடித்து நாளாகிறது.

பதினொரு மணிக்கு முதல் அழைப்பு. உடுமலைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் விசாரணை மேசையிலிருந்து பூங்கொடி என்கிற பெண். குரலை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து இருக்கும்.

"சார், பதினாலாம் பக்கத்துல பச்சைப் பொத்தானை அழுத்தவும்னு போட்டிருக்கீங்க. அதுக்குப் பேரு என்னங்க?"

"பச்சைக்குப் பேரு பச்சைதான் அம்மணி."

சிரித்தாள். நல்ல சிரிப்பு. "இல்லீங்க சார், பொத்தான் மேல எதாச்சும் எழுதியிருக்குதுங்களா?"

"ஒண்ணும் எழுதலை. படம்தான். பார்த்தாலே தெரியும்."

"சரிங்க சார். அப்புறம் எஃப்-நாலு புத்தகத்துல காணோமுங்க. ஆனா அழுத்துனா வேலை செய்யுது. அது இருக்குமுங்களா, போயிடுமுங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? புத்தகத்துல என்ன இருக்குதோ அதைப் பண்ணு. குழப்பமே வராது."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்தைப் பொறுமையாகப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இந்த வாரத்தில் மூன்று தடவை அழைத்துவிட்டாள். எல்லாம் பதினொரு மணி வாக்கில். நானும் பத்தே முக்காலுக்குக் காப்பியைக் குடித்து முடித்துவிடுகிறேன். வாயில் காப்பியோடு பேசினால் நன்றாக இருக்காது.

இன்று கொஞ்சம் எரிந்து விழுந்துவிட்டேன். படுக்கை மாற்றம் பார்க்கிற பொத்தான் எங்கே என்று கேட்டாள். மேலே இடது மூலையில் என்றேன். மூலைக்கு எப்படிப் போவது என்று கேட்டாள். எப்படிப் போவதா? பேருந்திலா போவார்கள்?

"பக்கத்துல யாராச்சும் இருந்தா கேட்டுக்குவேன் சார். இந்த நேரத்துல யாரும் இல்லீங்க. அதுக்கு எதாச்சும் கீ இருக்குதுங்களா?"

"அம்மணி, கண்ணைத் தொறந்து பாரு. இடது பக்கம் மேல. பளிச்சுன்னு இருக்குது."

அவளுடைய கணினியில் ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டிருந்தது, ரேடியோ போல. பிறகு, "சரிங்க சார், பாக்கறேன்" என்றாள்.

வேலை நேரத்தில் ரேடியோ வேறு.

ஜூன் 16, ஞாயிறு

பத்தரைக்கு மகள் இந்துவுக்குப் போன் போட்டேன். குழந்தை குப்புற விழுகிறதாம். அம்மாவைக் கூப்பிடு என்றேன். "அம்மா பாப்பாவைக் குளிப்பாட்டிட்டு இருக்காங்கப்பா." போன ஞாயிறும் குளியல், அதற்கு முந்தின ஞாயிறும் குளியல். சரியாகப் பத்தரைக்கு. ஒழுங்கான வீடுதான்.

வசந்தாமணி அடுத்த மாதம் வந்துவிடுவாள். குழந்தை தலை நின்றதும் வருவதாகத்தான் பேச்சு. தலை எப்போதோ நின்றுவிட்டது.

ஜூன் 20, வியாழன்

சரவணம்பட்டி ஆபீஸில் கூட்டம். மூன்றாவது வெர்ஷன் ஜூலை ஒன்றாம் தேதி வருகிறது. சஞ்சீவ் எல்லார் முன்னாலும் என் கையேட்டைத் தூக்கிக் காட்டினான். "குழந்தைவேலு சார்தான் நமக்கு வழிகாட்டி. மேனுவல்ல இல்லாத கீ எல்லாத்தையும் சாஃப்ட்வேர்ல இருந்தே எடுத்துடறோம். பத்தொம்பது கீ. டெஸ்டிங் பண்ற வேலை பாதி மிச்சம்." இளம்பிள்ளைகள் கைதட்டினார்கள். எடுக்கப்போகிற விசைகளின் பட்டியலில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன். பட்டியலில் முதல் பெயரே எஃப்-நாலுதான்.

யாரும் கைதட்டி ரொம்ப வருஷம் ஆகிறது. மகிழ்ச்சியாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொல்ல ஆளில்லை. மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டு ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது, பசை போட்டு ஒட்டினேன்.

ஜூலை 1, திங்கள்

மூன்றாவது வெர்ஷன் வந்துவிட்டது. பதினொரு மணிக்கு அழைப்பு இல்லை.

ஜூலை 3, புதன்

அழைப்பு இல்லை. கையேடு புரிந்துவிட்டது போல. நல்லதுதானே. போனில் மணி அடிக்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். அடிக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மதியம் இரண்டு மணிக்குப் பூங்கொடி அவளுடைய சொந்தச் செல்லில் இருந்து அழைத்தாள்.

"சார், எஃப்-நாலு போயிடுச்சுங்க."

"ஆமா, எடுத்தாச்சு. மவுஸை வச்சுப் பண்ணு அம்மணி. அஞ்சே படிதான."

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க சார்."

வருத்தமாகச் சொல்லவில்லை. முகவரி சொல்கிற மாதிரி சொன்னாள். பிறவியிலிருந்தே பார்வை இல்லையாம். திரையில் இருப்பதை உரக்கப் படித்துச் சொல்கிற மென்பொருள் ஒன்றை வைத்து வேலை செய்கிறாளாம். நான் ரேடியோ என்று நினைத்தது அதுதான். அதற்குப் பொத்தானின் பெயர் தெரிந்தால் படிக்கும். பச்சை, சிவப்பு, மேல் மூலை எல்லாம் அதற்குத் தெரியாது. மவுஸும் உதவாது, அம்பு எங்கே நிற்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? விசைகள்தான் அவளுக்கு வழி.

அந்த வழியை அடைத்தவன் நான்.

ஒன்றாம் தேதியிலிருந்து காலையில் ஒரு நர்ஸ் உள்நோயாளிகளின் பெயர்களை வார்டோடு வாசித்துக் காட்ட, தொண்ணூறு பேரையும் மனப்பாடம் பண்ணி வைத்துச் சமாளித்திருக்கிறாள். நேற்று ஒருவரைக் காலையில் இரண்டாம் மாடியிலிருந்து அவசர அறுவைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய அம்மா போனில் கேட்டபோது இவள், "ரெண்டாம் மாடியிலதான் இருக்காருங்கம்மா, நல்லா இருக்காரு" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு நிதானமாக வந்து பார்த்தால் கட்டில் காலி. அலறிவிட்டாராம். மகன் பிழைத்துக்கொண்டார். ஆனால் புகார் போய்விட்டது.

பூங்கொடிக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. பதினைந்தாம் தேதி அது முடிகிறது. அதற்குள் சரியாகச் செய்து காட்டினால் நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். இதுதான் இவள் சேர்ந்த முதல் வேலை. எழுபது இடத்தில் கேட்டு இல்லையென்று சொன்ன பிறகு கிடைத்தது.

"அம்மணி, ஏன் முதல்லயே சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே சார். அதுவுமில்லாம, சொன்னா எல்லாரும் குரலை மாத்திக்கிட்டுப் பாவம்னு பேசுவாங்க. நீங்க ஒருத்தர்தான் நல்லாத் திட்டுனீங்க. எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

கண்ணைத் திறந்து பார் என்று சொன்னது நான்தான். மேலே எழுதியிருக்கிறது, பதினாலாம் தேதியில். அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

சாயங்காலம் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு என் கையேட்டின்படி நானே செய்து பார்த்தேன். முதல் படி: 'மேலே உள்ள பட்டியலைச் சொடுக்கவும்.' மவுஸை நகர்த்தினேன், நகர்த்தினேன், மேசை விளிம்பில் போய்க் கீழே விழுந்தது. அதைத் தேடித் தரையில் தவழ்ந்தபோது அழுகை வந்துவிட்டது. அம்பத்தேழு வயசில்.

ஜூலை 6, சனி

சஞ்சீவைப் பார்க்கப் போனேன்.

"சார், லிஸ்ட்ல கையெழுத்து உங்களோடதுதான சார்?"

"என்னுதுதான். தப்பாப் போட்டுட்டேன். திருப்பி வைப்பா."

"அக்டோபர் வெர்ஷன்ல பாக்கலாம்."

"அந்தப் புள்ளைக்குப் பதினஞ்சாம் தேதி வரைக்கும்தான் டைமு."

"ஒரு ஆளுக்காக நாப்பது ஆஸ்பத்திரிக்கும் புது வெர்ஷன் அனுப்ப முடியுமா சார்? நீங்களே சொல்லுங்க." கெட்டவன் இல்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். போன மாதம் நான் பேசினதையே இவன் இன்று பேசுகிறான், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பேருந்தில் கையேட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு வரி: 'இக்கையேட்டில் கூறப்பட்டுள்ள அனைத்தும் மென்பொருளில் இயங்கும் என நிறுவனம் உறுதியளிக்கிறது.' மருத்துவமனைகளோடு போட்ட ஒப்பந்தத்தில் இருப்பது. தமிழில் எழுதினது நான்தான். காந்திபுரத்தில் இறங்க வேண்டியவன் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

கையேட்டில் இல்லாததை மென்பொருளில் வைக்க வேண்டாம் என்று எடுத்தார்கள். அப்படியானால் கையேட்டில் இருப்பதை வைத்துத்தானே ஆக வேண்டும்?

ஜூலை 7, ஞாயிறு

பெங்களூருக்குப் போன் போடவில்லை. வேலை இருந்தது. பத்தரைக்குக் குளியலாகத்தான் இருக்கும்.

ஜூலை 8, திங்கள்

இரண்டு நாளாகத் திருத்துகிறேன். எஃப்-நாலைத் திருப்பி வைப்பது சுலபம். கலக்காமல் வைப்பதுதான் பாடு. அன்னூர்க்காரர் இன்னும் என் மேசைக்கு எதிரில்தான் நிற்கிறார்.

பூங்கொடியைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு இந்த வாரம் இன்றுதான் விடுமுறை. நான் பக்கத்தை அனுப்ப, அவள் அந்த வேகப் பேச்சில் கேட்டுவிட்டு உடனே அழைத்தாள். என் இருபத்து நாலு வருஷ அனுபவத்தை அரை மணி நேரத்தில் நார் நாராகக் கிழித்துவிட்டாள்.

"சார், மவுஸ் வழி முழுக்கப் படிச்சு முடிச்ச பொறகுதான் கீ இருக்குதுன்னே தெரியுது. அதுவரைக்கும் நான் எதுக்குக் கேட்டுட்டு இருக்கோணும்?"

"சரி. முன்னாடியே சொல்லிடறேன்."

"எது யாருக்குன்னும் சொல்லிடுங்க. அப்புறம் 'கீழே உள்ள படத்தில் காண்க'ன்னு வருது. காணறதுக்கு நான் எங்க போறது?"

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன். ஏன் அம்மணி, உனக்கு இவ்வளவு வாயி இருக்குதே, ஒரு மாசமா எங்க வச்சிருந்தே?"

"நீங்க எங்க சார் பேச உட்டீங்க?"

கடைசியில் பதினாலாம் பக்கத்தின் தலையில் இப்படி நின்றது:

'நோயாளியைத் தேட இரண்டு வழிகள் உள்ளன. இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுவிடும். மவுஸால் வேலை செய்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்க்கவும். விசைப்பலகையால் மட்டும் வேலை செய்பவர்கள் நேராகப் பதினைந்தாம் பக்கத்துக்குப் போகவும். உங்கள் கைக்கு வருகிற வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். தொடங்கிய வழியிலேயே முடியுங்கள்.'

வலது பொத்தானைத் திருப்பி வைக்கவில்லை. அது இல்லாமல் தவிக்கிறவர் யாருமில்லை. பச்சைப் பொத்தானுக்கு 'இணைப்புக் கொடு' என்று பெயர் வைத்தேன். பிள்ளைக்குப் பெயர் வைத்த மாதிரி இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு, 'திருத்தப்பட்ட கையேடு' என்று நாற்பது மருத்துவமனைகளுக்கும் நானே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. அதில் நான் திருப்பிச் சேர்த்த பத்தொன்பது விசைகளும் இன்றைக்குப் பொய். கம்பெனிதான் அவற்றை மெய்யாக்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குச் சஞ்சீவ். இவ்வளவு சத்தமாகப் பேசுவான் என்று எனக்குத் தெரியாது. மூன்று மருத்துவமனைகள் ஏற்கெனவே கேட்டுவிட்டன, கையேட்டில் இருப்பது வேலை செய்யவில்லையே என்று. "இது துரோகம் சார்" என்றான். "ஆமாப்பா" என்றேன்.

ஜூலை 12, வெள்ளி

மூன்றாவது வெர்ஷனுக்குத் திருத்தம் வந்துவிட்டது. பத்தொன்பது விசைகளும் உள்ளே. பச்சைப் பொத்தானுக்குப் பெயரும் உண்டு. இன்னொரு மின்னஞ்சலும் வந்தது: இந்த மாதத்தோடு என் சேவை போதுமாம். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் மதியம் தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

பதினொரு மணி வரை பொறுத்தேன். அவள் அழைக்கவில்லை. நானே மருத்துவமனையின் விசாரணை எண்ணைப் போட்டேன், வெளியாள் மாதிரி.

"வணக்கம், விசாரணை. யாரைப் பாக்கோணுமுங்க?"

பூங்கொடிதான். யோசிக்காமல் கூப்பிட்டுவிட்டேன், பெயர் ஒன்றும் தயாராக இல்லை. வாயில் வந்தது ஒரு பெயர்தான். "வசந்தாமணி" என்றேன்.

தட்டுகிற சத்தம். மூன்று வினாடி, நான்கு இருக்காது. "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்களே" என்றாள். உடனே, "சார்! நீங்களா?" என்று சிரித்தாள். காலையில் மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்து இருபது அழைப்புகளைக் கவனித்தாராம். எழுந்து போய், நிரந்தரம் என்று தாள் அனுப்பிவிட்டாராம். நர்ஸ்தான் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"வசந்தாமணி யாருங்க சார்?"

"என்ற சம்சாரம்."

"ஐயோ, அவங்களுக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகலை. பெங்களூர்ல இருக்குது."

"அப்ப இங்க தேடுனா எப்படிங்க சார் கிடைப்பாங்க? பெங்களூருக்குப் போடுங்க."

வேறு அழைப்பு வந்துவிட்டது, வைத்துவிட்டாள்.

ஜூலை 18, வியாழன்

வீட்டில் மொத்தம் இருபத்தேழு சீட்டுகள். இன்று எண்ணினேன். மோட்டார் போடும் முறை, துணி மடிக்கும் முறை, கேஸ் மூடும் முறை. இருபத்தேழாவது ஜனவரியில் ஒட்டினது: 'காப்பி போடும் முறை. 1. தூள் இரண்டு கரண்டி, தலைதட்டி.' அதைப் பார்த்துவிட்டு வசந்தாமணி, "ஏனுங்க, முப்பது வருஷமா நான் போட்டுத் தந்த காப்பிக்கு இப்ப வழி எழுதி ஒட்டறீங்களா?" என்றாள். ஒரே மாதிரி வரும் என்றுதான் ஒட்டினேன் என்றேன். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவள் மறுநாளே பெங்களூர் கிளம்பிவிட்டாள்.

பிரசவத்துக்குப் போனாள் என்று இத்தனை நாள் எழுதி வந்திருக்கிறேன்.

சீட்டுகளைப் பிய்த்தேன். சுவரில் இருபத்தேழு வெள்ளைக் கட்டங்கள். வீடு இன்னும் காலியாகத் தெரிகிறது.

ஜூலை 21, ஞாயிறு

பத்தரைக்குப் போடவில்லை. இந்துவுக்கும் போடவில்லை. நாலு மணிக்கு வசந்தாமணியின் செல்லுக்கே போட்டேன். ஆறு மாதத்தில் இதைச் செய்யவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தாள்.

"சொல்லுங்க."

"நீ காப்பி எப்படிப் போடுவே?"

குழந்தை ஏதோ கத்தியது. "எதுக்கு? எழுதி ஒட்டறதுக்கா?"

"இல்ல. குடிக்கறதுக்கு. எனக்கு வர மாட்டேங்குது வசந்தா."

"தூளுக்கெல்லாம் கணக்கு வச்சுப் போட்டதில்லீங்க. வெந்நி ஊத்தறப்ப வாசம் வரும். அது வந்தாத் தெரியும், போதுமுன்னு."

"எந்த மாதிரி வாசம்?"

"அதை எப்படிச் சொல்றது? நீங்கதான் அந்தப் பக்கமே வந்ததில்லையே" என்றாள். கோபமாகச் சொன்னது போல இல்லை. குழந்தை மறுபடி கத்தவும் வைத்துவிட்டாள். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை.

பேனா கையிலேயேதான் இருந்தது. எழுதிக்கொள்ளவில்லை.

ஜூலை 22, திங்கள்

வாசம் வரும் என்று அடுப்புப் பக்கத்திலேயே நின்றேன். ஏதோ ஒன்று வந்தது, அதுதானா என்று தெரியவில்லை. காப்பி ஒரே கசப்பு. நாலு மணிக்கு மறுபடியும் கேட்க வேண்டும்.